கும்மட்ட மாளிகையின் கதை

இங்கிலாந்தின் தென்கரையிலே பிரைட்டன் என்றொரு கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. இலண்டனிலிருந்து ரயிலேறினால் ஒரு மணித்தியாலப் பயணம். கோடை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கடல் குளிக்கவும் காற்று வாங்கவும் சனம் போய்க் குவியும் ஊர் அது. அந்த ஊரின் நடுவில் நிற்கும் 'றோயல் பவிலியன்' என்ற மாளிகையின் படத்தை நம்மவர் யாரிடம் காட்டினாலும், "இது எந்த நாட்டுப் பள்ளிவாசல்?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்பதில் பிழையும் இல்லை. வெங்காயம் போன்ற பெரிய கும்மட்டங்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய மினாராக்கள், கல்லிலே வலை பின்னியது போன்ற சாளரங்கள் எல்லாமே தில்லியையும் ஆக்ராவையும் நினைவூட்டும். ஆனால் உள்ளே மிஹ்ராபும் இல்லை, மிம்பரும் இல்லை. அது ஓர் ஆங்கில இளவரசன் தன் உல்லாசத்துக்காகக் கட்டிய கடற்கரை வீடு.

அப்படியானால் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அது பின்னால் வரும். முதலில் வீட்டின் கதையைக் கேளுங்கள்.

பிரைட்டன் ஒரு காலத்தில் வெறும் மீனவர் கிராமம். 1750ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரசல் என்ற வைத்தியர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்ல மருந்து என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். கடலில் குளிப்பது மட்டுமல்ல, கடல்நீரைக் குடிக்கவும் சொன்னார்! பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் ஒருவன்தான் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மூத்த மகன், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னனானவன். 1783இல் தன் சிறிய தந்தையின் வீட்டுக்கு விருந்தாளியாக முதன்முதல் வந்தபோது அவனுக்கு வயது இருபத்தொன்று. கழுத்திலே சுரப்பி வீக்கம் இருந்ததால் கடல்நீர் நல்லதென்று வைத்தியர்களும் சொன்னார்கள். கண்டிப்பான தகப்பனாரின் கண்ணுக்கு எட்டாத தூரம் என்பதும் அவனுக்கு ஒரு மருந்தாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1786இல் கடற்கரைக்குச் சமீபமாக ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தான். மாளிகையின் தொடக்கம் அந்தப் பண்ணை வீடுதான்.

இங்கே ஒரு பெண்ணின் கதை குறுக்கிடுகிறது. வரலாற்று நூல்கள் இதை ஒரு பக்கக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. என் பார்வையில் அந்த மாளிகையின் அத்திவாரமே இதுதான்.

மரியா ஃபிட்ஸ்ஹேர்பேர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்மணி இளவரசனைவிட ஆறு வயது மூத்தவர். இரண்டு முறை விதவையானவர். இளவரசன் அவரை விரும்பினான். நிக்காஹ் இல்லாமல் எந்த உறவுக்கும் நான் சம்மதியேன் என்று அந்தப் பெண் உறுதியாக நின்றார். நாட்டை விட்டே கொஞ்சக் காலம் போய்விட்டார். ஈற்றில் 1785 டிசம்பர் 15ஆம் திகதி இலண்டனில் அவருடைய வீட்டு வரவேற்பறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு திருமணம் நடந்தது. நடத்தி வைத்தவர் கடனுக்காகச் சிறையில் கிடந்து, இளவரசன் தரப்பில் கடன் அடைக்கப்பட்டு வெளியே வந்த ஒரு பாதிரியார். பெண்ணின் மாமாவும் சகோதரரும் சாட்சிகள்.

ஆனால் 1772ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, மன்னரின் சம்மதம் இல்லாமல் அரச குடும்பத்தவர் செய்யும் திருமணம் செல்லாது. கத்தோலிக்கரை மணந்தால் அரசுரிமை போய்விடும் என்று அதற்கு முன்பே 1701இல் செய்த சட்டமும் இருந்தது. ஆகவே இளவரசன் திருமணத்தை மறைத்தான். 1787இல் அவன் கடன் தலைக்கு மேல் போய்விட்டது. கடனை அடைக்கப் பாராளுமன்றம் பணம் தரவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இந்தத் திருமண வதந்தி பற்றிய கேள்வியும் எழுந்தது. இளவரசனின் நண்பரான ஃபொக்ஸ் என்ற அரசியல்வாதி சபையிலே எழுந்து நின்று, அப்படியொரு திருமணம் நடக்கவேயில்லை என்று மறுத்தார். பாராளுமன்றம் 1,61,000 பவுண் கொடுத்துக் கடனை அடைத்தது. அதே ஆண்டிலேயே ஹென்றி ஹொலண்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அந்தப் பண்ணை வீடு வெள்ளை வெளேரென்ற அழகிய கடற்கரை மாளிகையாக மாற்றப்பட்டது. சில மாதங்களுக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு மனைவியின் மானத்தை விலையாகக் கொடுத்துக் கடன் தீர்த்த ஆண்டும், வீடு கட்டிய ஆண்டும் ஒன்றுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நமது மார்க்கத்தில் நிக்காஹைப் பகிரங்கப்படுத்துவதற்கும், வலீமா கொடுத்து ஊரறியச் செய்வதற்கும் ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று என்னிடம் படிக்கும் மாணவர்கள் சிலவேளை கேட்பதுண்டு. இந்த மரியாவின் கதையை நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. சாட்சி இருந்தும், சான்றிதழ் இருந்தும், ஊருக்குத் தெரியாத திருமணத்தில் முதலில் அநாதையாவது பெண்தான்.

1795இல் மீண்டும் கடன், இம்முறை ஆறு இலட்சம் பவுணுக்கு மேல். அரச குடும்பத்துப் பெண்ணொருத்தியை மணந்தால் கடன் தீரும் என்ற நிலையில், ஜேர்மனியிலிருந்து வந்த கரோலைன் என்ற இளவரசியை மணந்தான். அந்த வாழ்க்கையும் கசந்தது. அந்தத் தம்பதிக்குப் பிறந்த ஒரே மகள் ஷார்லட், 1817இல் பிரசவத்தின்போது மரணமானாள். மரியாவோ பிரைட்டனிலேயே மாளிகைக்கு அண்மையில் ஒரு வீட்டில் வாழ்ந்து வந்தார். சில காலம் இளவரசன் திரும்பி வந்தான், பிறகு ஒரேயடியாகப் பிரிந்தான்.

இனிக் கும்மட்டத்துக்கு வருவோம். அந்த ஊரில் முதன்முதலில் இந்தியக் கும்மட்டம் எழுந்தது மனிதருக்காக அல்ல, குதிரைகளுக்காக! 1803இல் தொடங்கி 1808 வரை வில்லியம் போர்டன் என்பவர் இளவரசனின் லாயத்தைக் கட்டினார். ஏறத்தாழ எண்பது அடி அகலமான கண்ணாடி பதித்த கும்மட்டத்தின் கீழ் அறுபது குதிரைகள் வட்டமாகக் கட்டப்பட்டிருந்தன. ஹொலண்டின் வெள்ளை வீடு அந்த லாயத்துக்குப் பக்கத்தில் சிறுத்துப் போய்விட்டது. குதிரை வீடு பெரிது, தன் வீடு சிறிது என்ற குறை இளவரசன் மனதில் புகுந்தது.

1811இல் தந்தை புத்தி சுவாதீனம் இழக்கவே, மகன் பதில் ஆட்சியாளனானான். 1815இல் ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலையை ஒப்படைத்தான். நாஷ் தன் வாழ்நாளில் இந்தியாவைக் கண்டவரல்லர். டானியல் என்ற ஓவியக் குடும்பத்தவர் இந்தியா முழுதும் சுற்றி வரைந்து வெளியிட்ட படப் புத்தகங்களைப் பார்த்துத்தான் கும்மட்டமும் மினாராவும் கட்டப்பட்டன. பழைய வீட்டை இடிக்கவில்லை. அதன் மேல் வார்ப்பிரும்புச் சட்டம் போட்டு, சட்டத்தின் மேல் கும்மட்டங்களை ஏற்றி வைத்தார்கள். வெளியே இந்தியா, உள்ளே சீனா. சுவரெங்கும் பறவைகளும் மூங்கிலும் பூதநாகங்களும். விருந்து மண்டபத்தின் முகட்டில் வெள்ளிநிறப் பூதநாகம் ஒன்று தன் நகங்களில் ஒரு சரவிளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. விளக்கின் உயரம் முப்பது அடி, நிறை ஒரு தொன். நாகத்தின் கீழிருந்து சாப்பிட நமக்கென்றால் ஒரு கவளம் இறங்காது.

குசினியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சகோதரிகள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் அத்தகைய குசினி வேறெங்கும் காண்பதரிது. உயர்ந்த கூரை, புகையும் வெக்கையும் வெளியேற மேலே சாளரங்கள், கூரையைத் தாங்குவதற்குத் தென்னை போல் ஓலை விரித்த இரும்புத் தூண்கள், கறி ஆறாமல் இருக்க நீராவியால் சூடேற்றிய மேசை. சமைப்பதற்குப் பிரான்ஸ் நாட்டின் பெயர்பெற்ற சமையற்காரர் கரேம் 1816இல் அழைக்கப்பட்டார். 1817 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் நிக்கலஸ் வந்தபோது, ஒரே இரவு விருந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பதார்த்தங்கள் பரிமாறப்பட்டன.

அந்த ஜனவரி எப்படிப்பட்ட ஜனவரி? 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வராத ஆண்டு. முந்திய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசு வானத்தை மறைத்ததால், கோதுமை பயிரிலேயே அழுகியது. நெப்போலியனுடனான யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையில்லை, பாண் விலை ஏறிக்கொண்டே போனது. அந்தச் சனத்தின் வரிப்பணத்தில்தான் நாகம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. மாளிகைக்கு ஆன செலவு மொத்தம் ஐந்து இலட்சம் பவுணைத் தாண்டியது. இஸ்ராஃப், வீண்விரயம் என்று நாம் கல்யாண வீடுகளில் கண்டிக்கிறோமே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேடத் தேவையில்லை. இதில் இன்னொன்று: இத்தனை செலவழித்தும் கூரை ஒழுகியது. கும்மட்டங்களுக்குப் பூசிய புதுவகைப் பூச்சு வெடித்து, மழைநீர் சீனத்துச் சித்திரங்களின் மேல் வடிந்ததாம்.

1820இல் மன்னனானவன், 1822 அளவில் வேலை முடிந்த வீட்டை அதிகம் அனுபவிக்கவில்லை. உடல் பருத்து, வாதம் முற்றி, மாடி ஏற முடியாமல் கீழ்த்தளத்தில் படுத்தான். தன் உடலைச் சனம் கண்டு சிரிக்கக் கூடாதென்று லாயத்துக்கு நிலத்தின் கீழ் ஒரு வழி வெட்டுவித்தான். (அது மரியாவின் வீட்டுக்குப் போகும் இரகசிய வழி என்று ஊரிலே ஒரு கதை உண்டு. அது வெறும் கதை. வழி போவது குதிரை லாயத்துக்கு.) 1827க்குப் பின் அவன் பிரைட்டனுக்கு வரவேயில்லை. 1830இல் மரணமானான். அடுத்து மன்னரான தம்பி வில்லியம், மரியாவைச் சந்தித்தபோது அந்தப் பெண்மணி தன் பழைய திருமணச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். அதைக் கண்ட மன்னர் பெரிய பட்டமொன்று தர முன்வந்தார். அவரோ பட்டம் வேண்டாமென்று மறுத்துவிட்டார். கணவனுக்காக விதவையின் உடை உடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. முன்பு தன்னை இல்லையென்று சொன்ன அதே மாளிகையில் அரச விருந்தாளியாக மரியாதையோடு அமர்ந்து உணவருந்தினார். 1837இல் பிரைட்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் காலத்துப் பிரைட்டனில் நம் பக்கத்துப் பெயருள்ள ஒருவரும் இருந்தார். பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முஹம்மது. கிழக்கிந்தியக் கம்பனிப் படையோடு சிறு வயதிலேயே சேர்ந்து, அயர்லாந்துக்குப் போய், 1794இல் ஆங்கிலத்தில் தன் பிரயாண நூலை வெளியிட்டவர். ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதல் இந்தியர் அவர்தான். 1810இல் இலண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்து நட்டப்பட்டார். 1814இல் பிரைட்டன் வந்து, மூலிகை ஆவிக் குளிப்பும் உடல் பிடித்துவிடுதலும் செய்யும் நிலையம் தொடங்கினார். பிடித்துவிடுவதற்கு இந்தியில் சொல்லும் 'சம்போ' என்ற சொல்தான் 'ஷாம்பூ' ஆயிற்று. நீங்கள் தலைக்குப் போடும் போத்தலின் பெயருக்கும் இந்த ஊருக்கும் அப்படியொரு தொடர்பு! நான்காம் ஜோர்ஜும் வில்லியமும் அவரைத் தங்கள் அரண்மனைக்குரியவராக நியமித்தார்கள். அயர்லாந்துப் பெண்ணொருத்தியை மணந்தபோது அவர் கிறிஸ்தவராகிவிட்டார். முஹம்மது என்ற பெயரை மட்டும் 1851இல் சாகும்வரை விடவில்லை.

விக்டோரியா மகாராணிக்கு அந்த மாளிகை பிடிக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரி. சன்னலுக்கு வெளியே சனம் எட்டிப் பார்க்கும் வீட்டில் எப்படி இருப்பது? 1845இல் வைட் தீவில் வேறு வீடு வாங்கிக்கொண்டு, இங்கிருந்த தளபாடங்களை நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏற்றி எடுத்துப் போய்விட்டார். புகைபோக்கிச் சட்டங்களைக்கூடக் கழற்றிவிட்டார்கள். இடித்து நிலத்தை விற்கலாம் என்ற பேச்சு வந்தபோது, ஊர் மக்கள் மிகச் சிறிய பெரும்பான்மையால் முடிவெடுத்து, 1850இல் 53,000 பவுணுக்கு வாங்கினார்கள். இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1850 முதல் அது அரசனின் வீடல்ல, ஊராரின் சொத்து.

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மலைகளிலிருந்தும் திரட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் சேற்றுக் குழிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். குளிரும் குண்டும் அவர்களைச் சாய்த்தன. காயப்பட்டோருக்காக 1914 டிசம்பரில் பவிலியன் ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. நாகம் தொங்கும் விருந்து மண்டபத்திலும், சங்கீத மண்டபத்திலும், பழைய குதிரைக் கும்மட்டத்தின் கீழும் எழுநூறுக்கு மேற்பட்ட கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. கரேம் சமைத்த அந்தப் பெரிய குசினி சத்திரசிகிச்சைக் கூடமாயிற்று.

இங்கேதான் நம் மனதைத் தொடும் விடயங்கள் வருகின்றன. வளவிலே ஒன்பது தனித்தனிச் சமையற்கூடங்கள் அமைத்தார்கள். முஸ்லிம்களுக்கு ஹலாலான இறைச்சி, அவர்களுக்குரிய முறையில் அறுக்கத் தனி இடம். ஒவ்வொரு வார்டிலும் முஸ்லிம்களுக்கொன்று, இந்துக்களுக்கொன்று என இரண்டு தண்ணீர்க் குழாய்கள். அறிவித்தல் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில். சீக்கியருக்குக் கூடாரத்தில் குருத்வாரா. முஸ்லிம்கள் கிப்லாவை முன்னோக்கித் தொழப் புற்றரையில் ஒரு பகுதி. வெறும் அலங்காரத்துக்காகக் கட்டிய அந்தக் கும்மட்டங்களின் நிழலில், நூறாண்டு கழித்து உண்மையான ஸுஜூத் நடந்தது. குடிகார இளவரசன் கட்டிய வீட்டின் முற்றத்தை அல்லாஹ் அப்படியும் ஆக்கினான்.

இத்தனை கவனிப்பும் சும்மா வந்ததா? 1914 நவம்பரில் உஸ்மானியக் கலீஃபாவின் துருக்கி ஜேர்மனியோடு சேர்ந்து யுத்தத்தில் இறங்கிவிட்டது. கலீஃபாவுக்கு எதிராகத் துவக்கெடுக்கலாமா என்ற கேள்வி முஸ்லிம் சிப்பாயின் நெஞ்சிலே குத்தும் என்பது பிரித்தானியருக்குத் தெரியும். ஜேர்மனியரோ தாங்கள் சிறைபிடித்த முஸ்லிம்களுக்காக பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டோர்ஃப் முகாமில் 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசலே கட்டிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் அரண்மனை, அந்தப் பக்கம் பள்ளிவாசல்! இரண்டும் ஒரே நோக்கம்தான். மன்னர் தன் அரண்மனையையே சிப்பாய்களுக்காக ஒழித்துக் கொடுத்தார் என்ற பேச்சு இந்தியாவெங்கும் பரவியது. பிரைட்டன் மாநகரசபை உருதுவிலும் குர்முகியிலும் ஆங்கிலத்திலும் படங்களோடு ஒரு கையேடும் வெளியிட்டது. மன்னர் குடும்பம் அந்த வீட்டை விற்று அறுபத்து நான்கு வருடங்களாகியிருந்தன என்பதைப் பஞ்சாபிலே ஓர் ஏழை உம்மா எப்படி அறிவாள்?

அரண்மனையைச் சுற்றி வேலியும் போட்டிருந்தார்கள். தனியே ஊருக்குள் போக அனுமதி கிடையாது. வெள்ளைக்காரத் தாதியொருவர் இந்தியச் சிப்பாயின் அருகே நிற்கும் படமொன்று பத்திரிகையில் வந்ததும் மேலிடம் கலங்கிப்போனது. 1915 நடுப்பகுதியில் தாதியரை நோயாளருக்குப் பணிவிடை செய்வதிலிருந்து விலக்கினார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. ஆயினும் காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகளும், பழமும் பூவும் கொண்டுவந்து கொடுத்த ஊர்ச் சனமும் அரசியலுக்காக அதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றியை நன்றியாகவே சொல்ல வேண்டும்.

1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பவிலியனுக்கு வந்து, மீர் தஸ்த் என்ற அஃப்ரீதிப் பட்டாணியருக்கு விக்டோரியா சிலுவை என்ற உயர்ந்த வீரப் பதக்கத்தை அணிவித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில், நச்சுப்புகையின் நடுவே எட்டு அதிகாரிகளைச் சுமந்து காப்பாற்றியவர் அவர். ஒருமுறை காயப்பட்டுத் தேறியவர்களை மறுபடி போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று மன்னரிடமே அவர் முறையிட்டதாகக் கூறப்படுகிறது. அவருடைய சகோதரர் மீர் மஸ்த் என்பவரோ அந்த மார்ச் மாதத்தில்தான் தன் ஆட்களோடு ஜேர்மனியர் பக்கம் போய்விட்டிருந்தார். ஒரே உம்மாவின் வயிற்றில் பிறந்த இருவர்! ஒருவருக்கு இந்தப் பக்கத்துப் பதக்கம், மற்றவர் அந்தப் பக்கத்து ஆள். அந்தத் தாய் எந்தப் பக்கம் கையேந்தி துஆக் கேட்டிருப்பாள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 12,000 இந்தியச் சிப்பாய்கள் சிகிச்சை பெற்றார்கள். மரணமானவர்களில் இந்துக்களும் சீக்கியருமான 53 பேர் ஊருக்கு வெளியே குன்றொன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921இல் 'சத்ரி' என்ற வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம் எழுந்தது. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் என்ற ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. காரணம், அங்கே ஒரு பள்ளிவாசல் இருந்தது. பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட பிரித்தானியாவின் முதலாவது இறையில்லம் அது. கட்டப்பட்டது 1889இல். அதற்குப் பெரும் பொருளுதவி செய்தவர் போபால் நாட்டை ஆண்ட ஷாஜஹான் பேகம் என்ற பெண்மணி. பள்ளிக்கும் அவருடைய பெயர்தான். கடல் கடந்து போகாத ஒரு பெண்ணின் ஸதகா, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் பிள்ளைகளின் மௌத்துக்குத் துணையாய் நின்றது.

முஸ்லிம்களின் மையித்துகளை முறையாக அடக்குவதில்லை என்று ஜேர்மனியர் பிரசாரம் செய்யவே, அந்தப் பள்ளிக்கு அருகே ஹோர்செல் திடலில் கும்மட்ட வாசலோடு கூடிய ஒரு மையவாடியை அரசாங்கம் கட்டி 1917இல் முடித்தது. பவிலியனோ 1916 தொடக்கத்தில் இந்தியச் சிப்பாய்கள் போனபின், கைகால் இழந்த ஆங்கிலச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரியாக 1920 வரை இருந்தது. 1921 ஒக்டோபரில் அதன் தெற்கு வாசலில் இந்திய மக்களின் அன்பளிப்பாக ஒரு தோரணவாயிலைப் பட்டியாலா மகாராஜா திறந்து வைத்தார். இப்போது மாளிகை நூதனசாலை. விக்டோரியா மகாராணி எடுத்துப்போன பொருட்களில் பல திரும்பி வந்துவிட்டன. சரவிளக்கும் பூதநாகமும் பழைய இடத்திலேயே தொங்குகின்றன. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

வோக்கிங் மையவாடி காலப்போக்கில் கவனிப்பாரற்றுப் போனது. விஷமிகள் மீசான் கற்களைச் சேதப்படுத்தினார்கள். 1960களின் பிற்பகுதியில் அங்கிருந்த கப்றுகளை புறூக்வூட் இராணுவ மையவாடிக்கு மாற்றினார்கள். வெறுமையாகிப் போன அந்தச் சுவர்களுக்குள் 2015 நவம்பரில் ஓர் அமைதிப் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டு உலக யுத்தங்களிலும் மரணமாகி அங்கே அடங்கியிருந்தவர்கள் இருபத்தேழு பேர். ஆளுக்கொன்றாக இருபத்தேழு இமயமலை மரங்கள் அங்கே நடப்பட்டிருக்கின்றன.